பழைய கணிப்பொறியும் புதிய வன்தட்டும்

ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. நம் முன்னோர் இயற்றிய நூல்களுட் பல இன்று பெயரளவில் மட்டும் நிற்கின்றன. அதற்குக் காரணம் எழுதுவோர் இல்லாமை அன்று; எழுதிய ஏடு செல்லரிக்குமுன் அதனைப் படியெடுப்போர் இல்லாமையே. ஓலைச்சுவடிக்கு நேர்ந்த அக்கதி, காந்தப் பூச்சுடைய வட்டுகட்கும் இந்நாளில் நேர்ந்து வருகின்றது. ஆதலின், முப்பது ஆண்டுகட்கு முன் இல்லங்களில் வழங்கிய கணிப்பொறி ஒன்றிற்கு வன்தட்டுப் பொருத்தும் முறையை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். சுவடி காத்தல் எவ்வுருவில் வரினும் அஃது எம் பாடமே என்பது எம் விடை.

எம் பெரிய தகப்பனார் இங்கிலாந்தில் பணிபுரிந்த காலத்தில், 1993-ஆம் ஆண்டு, அமிகா 1200 என்னும் கணிப்பொறியை வாங்கினார். அதனை அவரினும் மிகுதியாகக் கையாண்டவர் எம் பெரிய தாயாரே. ஆலயப் பாடகர் குழுவிற்கென அவர் அமைத்த மெட்டுகளை அப்பொறியிற் பதித்து, நெகிழ்வட்டுகளிற் சேமித்து வைத்தார். அமிகாவின் ஒலிப்பகுதி ஒரே வேளையில் நான்கு ஓசைகளை எழுப்பவல்லது. ஞானப்பாட்டிற்கு வேண்டிய குரல்களும் நான்கு. ஆகவே அக்கருவி அவர்க்கு மிகவும் உகந்ததாயிற்று. அவர் இன்றில்லை. முப்பத்தொன்பது நெகிழ்வட்டுகளும், மஞ்சள் நிறம் ஏறிய அப்பொறியும் எஞ்சின. அவற்றைக் காக்கும் பணி எம்பால் வந்தது. அப்பணியில் யாம் கற்றதும், கற்குமுன் இழந்ததுமே இக்கட்டுரையின் பொருள்.

பொறியின் இயல்பு

அமிகா 1200 என்பது அமெரிக்க நாட்டுக் கம்மடோர் நிறுவனம் 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட இல்லக் கணிப்பொறி. விசைப்பலகையும் பொறியும் ஒரே பெட்டியில் அமைந்தவை. அதன் மூளை நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் துடிப்புகளில் இயங்கும் மோட்டரோலா செயலி; அதன் நினைவகம் 2 மெகாபைட்டு. அந்நிறுவனம் 1994-இல் நொடித்துப் போயிற்று. எனினும் அப்பொறியைப் போற்றுவார் பல நாடுகளில் இன்றும் உளர்.

இப்பொறியின் எளிய வகைக்கு வன்தட்டுக் கிடையாது. சேமிப்பிற்கு உரியது, நாம் வழக்கில் பிளாப்பி என்று கூறும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றே. அதன் கொள்ளளவு 880 கிலோபைட்டு. இரு பக்கம், பக்கத்திற்கு 80 தடம், தடத்திற்கு 11 கட்டம், கட்டத்திற்கு 512 பைட்டு எனப் பெருக்கின் 901,120 பைட்டுகள் ஆகும். ஒரு பெரிய நிரல் நான்கைந்து வட்டுகளில் அடங்கியிருக்கும். பொறி கேட்குந்தோறும் ஒன்றை எடுத்து மற்றொன்றை இடுதல் வேண்டும். உண்பதன் முன் ஒவ்வொரு கவளத்திற்கும் அடுப்படிக்கு எழுந்து சென்று வருவானைப் போன்றது அம்முறை.

இவ்வட்டுகளை இன்றைய கணிப்பொறியிற் படித்தல் ஆகாதோ எனில், நேரே ஆகாது. பிற கணிப்பொறிகள் அதே வட்டில் தடத்திற்கு 9 கட்டமாக எழுதி 720 கிலோபைட்டுக் கொண்டன. அமிகா எழுதும் முறையோ முற்றும் வேறு. தனிப்பட்ட துணைக்கருவி இல்லாவிடின், அமிகாவின் வட்டைப் படிக்க அமிகாவே வேண்டும். எழுத்தறிந்தவன் ஒருவனே உயிரோடிருக்க, அவனும் முதுமையுற்றான் என்னும் நிலை இது. வட்டிலோ காந்தப் பூச்சு உதிர்கின்றது; ஈரம் பட்டாற் பூஞ்சை படர்கின்றது. காலம் தாழ்த்தலாகாது.

வன்தட்டு என்பது யாது?

ஹார்டு டிஸ்க் என யாவரும் அறிந்த வன்தட்டு, வளையாத தட்டின்மேற் காந்தப் பூச்சிட்டு, அது விரைந்து சுழலுங்கால் நுண்ணிய தலையொன்று மேற்பரப்பைத் தொடாது மிதந்து எழுதவும் படிக்கவும் அமைந்த கருவி. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதற் கருவியில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அவை யாவும் கூடிக் கொண்டவை 50 இலட்சம் எழுத்துகளே. அத்தனை எழுத்துகளும் இன்று ஆறு அமிகா நெகிழ்வட்டுகளில் அடங்கிவிடும். 1980-இல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குலத் தட்டில் 5 மெகாபைட்டு அடக்கியது; அதன் பின்னரே சிறு கணிப்பொறிகட்கு வன்தட்டு எட்டும் பொருளாயிற்று.

அமிகா 1200-இன் தாய்ப்பலகையில், மடிக்கணினிகட்கென அமைந்த இரண்டரை அங்குல வன்தட்டை இணைப்பதற்கு 44 முட்கள் கொண்ட ஐடிஇ இணைப்பு ஒன்று பிறப்பிலேயே உண்டு. அதற்கு முந்திய அமிகா 500-க்கு இவ்வசதி இல்லை. 1989-இல் வெளிவந்த 20 மெகாபைட்டுப் புறப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் மாட்ட வேண்டியிருந்தது. ஆகவே வீடு கட்டியவன் அறைக்கு இடம் விட்டே கட்டினான். அறையை அமைத்தலே நம் வேலை.

அந்நாளைய சுழல் தட்டுகள் இன்று புதிதாகக் கிடைப்பன அல்ல. கிடைப்பனவும் முதுமையால் தளர்ந்தவை. ஆதலின் அறிந்தோர் பலரும் காம்பாக்ட் பிளாஷ் என்னும் சிறு அட்டையைக் கொள்கின்றனர். 1994-இல் தோன்றிய இவ்வட்டை, ஐடிஇ வன்தட்டின் மொழியையே தானும் பேசவல்லது. எளிய மாற்றிணைப்பி ஒன்றின்மேற் பொருத்திவிட்டால், பொறி அதனை வன்தட்டென்றே எண்ணும். சுழலும் உறுப்பு இன்மையால் ஓசை இல்லை, மின்செலவும் சிறிது.

பொருத்தும் முறை

முதலாவது, மின்னிணைப்பை அறவே நீக்குக. உலர்ந்த நாளில் உடலில் மின்னேற்றம் தங்கும். நிலத்தோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு அதனைப் போக்கிய பின்னரே பலகையைத் தொடுக. பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றி, நிமிர்த்தி, மேல்மூடியை மெல்ல எடுக்க வேண்டும். விசைப்பலகையினின்று தாய்ப்பலகைக்குச் செல்லும் மெல்லிய நாடா எளிதில் முறியும். அதனை இழுத்தல் கூடாது.

இரண்டாவது, திறந்த நிலையிற் பலகையை நன்கு நோக்குக. இப்பொறிகளில் உள்ள சிறு மின்தேக்கிகள் முதுமையால் உட்திரவம் கசிந்து, அடியிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். மீன் நாற்றம் போன்ற வாடையோ, மங்கிய ஈயப் பற்றோ காணின், அவற்றை மாற்றுவித்த பின்னரே மேற்செல்லல் நன்று. அடித்தளம் அரிக்கப்பட்ட வீட்டில் மேல்மாடி எழுப்புவார் இலர்.

மூன்றாவது, நாடா வடத்தைப் பொருத்துக. வடத்தின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு முதல் முள்ளைக் குறிக்கும். பலகையிலும் மாற்றிணைப்பியிலும் முதல் முள் குறிக்கப்பட்டிருக்கும். 44 முட்களின் இறுதியிலேயே அட்டைக்கு வேண்டிய மின்சாரமும் செல்கின்றது. ஆகவே வடத்தைத் தலைமாற்றிப் பொருத்தினால் அட்டையோ பொறியோ கெடும். மும்முறை நோக்கி ஒருமுறை பொருத்துக.

பொறிக்கு அறிவித்தல்

பொருத்திய அளவில் வேலை முடிந்ததன்று. புதிய அட்டை எழுதப்படாத ஓலைக்கட்டு. எங்கே தொடங்குவது, எத்தனை பாகம், எப்பாகத்தின் பெயர் யாது என்பவற்றை அதன் முகப்பில் எழுதுதல் வேண்டும். இதற்கு எச்டி டூல்பாக்ஸ் என்னும் நிரலுடைய நெகிழ்வட்டால் பொறியைத் தொடங்க வேண்டும். அந்நிரல் முதலில் அட்டையை வினவி அதன் அளவைக் கேட்டறியும். பின்னர் நாம் கூறும் வண்ணம் பாகங்களை வகுத்து, அக்குறிப்பை அட்டையின் முதற் கட்டங்களில் எழுதும். நூலுக்குப் பொருளடக்கம் எவ்வாறோ, தட்டிற்கு இக்குறிப்பு அவ்வாறு. நூலிற் பொருளடக்கம் கிழிந்தாலும் பக்கங்களைப் புரட்டிக் காணலாம். ஈண்டு அது கெடின் பொறிக்கு யாவும் கெட்டனவே.

இவ்விடத்து நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஒரே கட்டளையில் எத்தனை கட்டங்களைப் படிக்கலாம் என்னும் எண்ணை, ஐடிஇ முறை எட்டுத் துகள் அளவில் வைத்திருக்கின்றது. அவ்வளவில் 255 வரை எழுதலாம். 256 என்பதைச் சுழியத்தாற் குறிப்பர். சில தட்டுகளும் அட்டைகளும் அச்சுழியத்தைப் பிழைபட உணர்கின்றன. விளைவு யாதெனின், சிறு கோப்புகள் செவ்வனே நிற்க, பெருங்கோப்புகள் மட்டும் ஓசையின்றிச் சிதைகின்றன. இதனைத் தவிர்க்க, மேக்ஸ் டிரான்ஸ்பர் என்னும் இடத்தில் 255 கட்டங்களின் அளவாகிய 130,560 பைட்டுகளை எல்லையாக அமைத்தல் வேண்டும். அவ்வெண்ணைப் பதினாறன் எண்முறையில் மாற்றி எழுதுக. ஒவ்வொரு பாகத்திற்கும் இதனைத் தனித்தனியே செய்தல் வேண்டும்.

எல்லை அறியாமையால் வந்த கேடு

இனி எம் பிழையைக் கூறுவோம். யாம் வாங்கிய அட்டை 8 கிகாபைட்டு. பெரிது நல்லது என்னும் பேதைமையால், சிறிய பாகம் ஒன்று பொறியின் மென்பொருட்கும், எஞ்சிய அனைத்தும் பெரியதொரு பாகமாகச் சேமிப்பிற்கும் என வகுத்தோம். பொறி மறுப்பு ஒன்றும் கூறவில்லை. பெரிய தாயாரின் வட்டுகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தோம். பழுதுற்ற சிலவற்றைப் பலமுறை எடுத்து, துடைத்து, மீண்டும் இட்டுப் பொறுமையோடு படித்தோம். எல்லாம் முடிந்தன என மகிழ்ந்து, பொறியை அணைத்து மறுநாள் ஏற்றினோம். அதற்கு வன்தட்டென ஒன்று இருப்பதே தெரியவில்லை.

காரணத்தைப் பின்னரே கற்றோம். அக்காலத்து அமிகாவின் நிலைநினைவகத்தில் எழுதப்பட்ட கட்டளைகள், தட்டில் ஓரிடத்தை அதன் தொடக்கத்தினின்று எத்தனையாவது பைட்டு என எண்ணியே குறிக்கும். அவ்வெண்ணிற்கு அவை ஒதுக்கிய இடம் 32 துகள். அதில் அடங்கும் இடங்கள் 4,294,967,296. அஃதாவது 4 கிகாபைட்டு. அதற்கு மேற்பட்ட இடத்தைக் கூறினால் எண் மீண்டும் சுழியத்தினின்று தொடங்கிவிடும். வண்டியில் தூரம் காட்டும் கருவி 99999-ஐக் கடந்தவுடன் 00000 எனக் காட்டுதல் போல்வது இது. ஆகவே எல்லைக்கு அப்பால் எழுதுமாறு நாம் பணித்ததைப் பொறி தட்டின் தொடக்கத்திலேயே எழுதிற்று. தொடக்கத்தில் இருந்ததோ பொருளடக்கம். தன் வாலென எண்ணித் தன் தலையையே விழுங்கும் பாம்பாயிற்று எம் தட்டு.

பாகம் பெரும்பாலும் வெறுமையாயிருக்க எல்லையை எவ்வாறு கடந்தது எனில், அமிகாவின் கோப்பு முறை தன் வேர்க்கட்டத்தைப் பாகத்தின் தொடக்கத்தில் வைப்பதில்லை, நடுவில் வைக்கும். 8 கிகாபைட்டின் நடு எது? ஏறத்தாழ 4 கிகாபைட்டு. அவ்விடத்தை அடுத்து எழுதத் தொடங்கியமையால், முப்பத்தொன்பது சிறு வட்டுகளின் அளவே எல்லையைத் தாண்டுதற்குப் போதியதாயிற்று.

அட்டையைத் திருத்தி வகுத்து, மீண்டும் முதலிலிருந்து படியெடுத்தோம். முப்பத்தேழு வட்டுகள் முன்போலவே படித்தன. முன்னர் அரும்பாடுபட்டுப் படித்த இரண்டு மட்டும் மறுமுறை இசையவில்லை. பூச்சு முதன்முறையிலேயே தேய்ந்து போயிற்றுப் போலும். அவற்றுள் ஒன்றில் இருந்தது, எம் பெரிய தாயார் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு அமைத்த நாற்குரல் மெட்டு. அதில் எம் பெரிய தகப்பனார் பாடிய கீழ்க்குரல் மட்டும் அவர் நினைவில் உளது. அதனை அவர் மெல்லப் பாடிக் காட்டினார்; ஏனை மூன்று குரல்களும் போயின. அவர் எம்மைக் கடிந்தாரல்லர். அதுவே எமக்கு மிகவும் வருத்தம் தந்தது.

செய்யத்தக்கன

எம் இழப்பாற் பிறர் பயன் கொள்ளும் பொருட்டு, செய்யத்தக்கவற்றைத் தொகுத்துரைப்போம்.

ஒன்று: பழைய நிலைநினைவகமே உள்ள பொறிக்கு 4 கிகாபைட்டு என விற்கப்படும் அட்டையே சாலும். அதன் அளவு 400 கோடி பைட்டை ஒட்டியதாகலின் எல்லைக்குள் அடங்கும். அதில் 4,400 நெகிழ்வட்டுகளுக்கு மேல் கொள்ளும். ஓர் இல்லத்திற்கு அது போதாதோ? பெரிய அட்டையே கையில் உளதாயின், எல்லைக்கு உட்பட்ட பகுதியை மட்டும் பாகங்களாக வகுத்து, எஞ்சியதைத் தொடாது விடுக. 2018-இல் வெளிவந்த 3.1.4 எனும் இயங்குதளமும் அதன் பின்னையவும் இவ்வெல்லையை நீக்கியுள்ளன. ஆயின் அதற்குரிய நிலைநினைவகத் துண்டுகளையும் மாற்றுதல் நலம்.

இரண்டு: பாகங்களை வகுத்தபின் பொறியை மீளத் தொடங்கி, ஒவ்வொன்றையும் ஃபார்மட் செய்து, வொர்க்பெஞ்ச் என்னும் மென்பொருளை முதற் பாகத்தில் இடுக. அதன்பின் இழந்தால் வருந்தாத கோப்புகளையே முதலில் நிரப்பி, அணைத்து, ஏற்றி, திறந்து பார்க்க. புதுப் படகிற் குழந்தையை ஏற்றுமுன் மணல் மூட்டையை ஏற்றி நோக்குதல் அறிவுடைமை.

மூன்று: வன்தட்டின் விளக்கு எரியும் வரையிற் பொறியை அணைத்தல் ஆகாது. பாதி எழுதிய நிலையில் மின் நின்றால் கோப்பு முறை குலையும்.

நான்கு: ஒரு வட்டைப் படித்தவுடனே, அன்றைக்கே, அட்டையை எடுத்து இன்றைய கணிப்பொறியில் இரண்டாம் படி செய்து வைக்க. லினக்ஸ் இயங்குதளம் அமிகாவின் கோப்பு முறையைப் படிக்கவல்லது. யாம் இவ்வொன்றைச் செய்திருந்தால், மெட்டு இன்று நான்கு குரலிலும் ஒலிக்கும். தட்டு எவ்வளவு உறுதியாயினும் ஒற்றைப் படி காப்பு அன்று.

ஐந்து: வலிய வட்டுகளை முதலிற் படித்துக் கைபழகிய பின்னரே மெலிந்தவற்றைத் தொடுக. மெலிந்த வட்டு மறுமுறை இடந்தரும் என நம்பலாகாது.

முடிவுரை

பழம்பொறியைத் தீண்டாது உள்ளவாறே வைத்தலே அதற்குச் செய்யும் மதிப்பு என்பார் சிலர். கண்காட்சிப் பொருட்கு அது பொருந்தும். இப்பொறியோ தன்னகத்தே மாறுதலுக்கு இடம் விட்டுப் பிறந்தது. யாம் செய்த இணைப்பை நீக்கினால் பண்டை நிலைக்கே திரும்பும். ஒரு துளையும் இட்டிலோம்; ஒரு கம்பியும் அறுத்திலோம். இன்றைய கணிப்பொறியில் அமிகாவைப் போல் நடிக்கும் மென்பொருள் உளதே என்பார் வேறு சிலர். உண்டு, நன்றே. ஆயினும் அதற்கு ஊட்டுதற்குரிய வட்டின் பொருளை முதலிற் படித்தாகவேண்டும். எம் கையிற் படிக்க இருந்தது இப்பொறி ஒன்றே.

பழந்துருத்தியையும் புது ரசத்தையும் பற்றிய உவமை நாம் அறிந்ததே. யாம் இதுகாறும் அதனைத் துருத்தியின் குறையாகவே கருதி வந்தோம். இப்பொழுது வேறுபட எண்ணுகின்றோம். துருத்தி தன் அளவை ஒருபோதும் மறைத்ததில்லை. வார்த்தவனே அதனைக் கேட்டிலன். 1992-ஆம் ஆண்டில் 4 கிகாபைட்டு என்பது இல்லத்தில் எவரும் காணாத பேரளவு. அதனை எல்லையாக வைத்தவர் குறுகிய நோக்கினர் அல்லர். அவர் எண்ணிய முறையை அறியாது, நம் காலத்து அளவை அதன்மேற் சுமத்திய பிழை எம்முடையதே. பழையதற்குப் புதியதைச் சேர்ப்பான் எவனும், பழையது எவ்வாறு எண்ணுகின்றது என்பதை முதலிற் கற்றல் வேண்டும். அது பொறியாயினும் ஆகுக, சுவடியாயினும் ஆகுக, முதியோராயினும் ஆகுக.

முப்பத்தேழு வட்டுகளின் பொருள் இப்பொழுது மூன்று இடங்களில் உளது. எம் பெரிய தகப்பனார் மாலை வேளைகளில் அப்பொறியை ஏற்றி, மெட்டுகளைக் கேட்கின்றார். வட்டு மாற்ற எழவேண்டுவதில்லை. நண்பர்காள்! உங்கள் இல்லத்துப் பெட்டிகளிலும் இத்தகைய வட்டுகள் உறங்கக்கூடும். அவை இன்று படிக்கும். நாளை படிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இவ்விடுமுறையிலேனும் அவற்றைத் திறந்து பார்ப்பீராக.